டர்போ காரை விற்பவர்கள் இதையும் சொல்லித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மோட்டார் பக்கத்தில் வந்த சிறிய டர்போ பெட்ரோல் கார்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நெக்ஸான், வென்யூ, ஃபிராங்ஸ் என்று வரிசையாகக் குதிரைத்திறன், மைலேஜ், விலை எல்லாம் இருந்தன. வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு வரி இல்லை. ஆறு வருடமாக அப்படி ஒரு காரை ஓட்டுகிறேன். அந்த ஒரு வரி எனக்கும் யாரும் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இருந்தால் காருக்கு வரி குறைவு. அதனால்தான் எஞ்சினைப் பெரிதாக்காமல் மூன்று சிலிண்டரிலேயே, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போவை மாட்டி இழுவையைக் கூட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். தாளவாடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. பண்ணாரி தாண்டி திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு பேரும் மூட்டைகளுமாக ஏறினாலும் வண்டி திணறியதே இல்லை.

தப்பு நடந்தது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். டீக்கடை ஓரம் நிறுத்தியதும் அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிடுவேன். டர்போவைச் சுற்றவைப்பது எஞ்சினிலிருந்து வரும் புகை. பெட்ரோல் வண்டியில் முழு இழுவையில் அது 900 டிகிரியைத் தொடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்போவின் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். அணைத்த பிறகும் தண்ணீரைச் சுற்றவிடும் சிறு பம்ப் சில கார்களில் உண்டு. அதை நம்பி ஏற்றம் முடிந்ததும் அணைத்துவிடலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும்.

இன்னொன்று ஆயில். பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் மூன்று கிலோமீட்டர்தான். 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று ஒன்றரை வருடம் ஆயில் மாற்றாமல் விட்டேன். கையேட்டில் ஓராண்டு அல்லது 10,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. குறுந்தூர ஓட்டம், புழுதி, மலைப்பாதை என்றால் அதற்கும் முன்பே மாற்றச் சொல்கிறது. என் ஓட்டத்தில் இந்த மூன்றும் உண்டு. கூடவே பஞ்சுத் தூசு. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மேலே கம்பளி போர்த்தியது போல இருக்கும்.

நான்காவது வருடம் ஏற்றத்தில் ஊளையிடும் சத்தம் வந்தது, பின்னால் நீலப் புகை. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் நுனியில்தான் ஆயில். சர்வீஸ் சென்டரில் டர்போவை முழுதாக மாற்ற 70,000 ரூபாய் சொன்னார்கள். ஏன் போனது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கோவையில் டர்போ வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். உள்ளே தண்டு இருக்கும் நடுப்பகுதியை ('கோர்' என்பார்கள்) மட்டும் மாற்றிப் பாதிச் செலவுக்குள் முடித்துக் கொடுத்தார் அந்த மெக்கானிக். அவர் முதலில் கழற்றியது டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பைத்தான். "பாருங்கண்ணா, கரி புடிச்சுப் பாதி அடைச்சிருக்குது. இத மாத்தாம புது டர்போ போட்டாலும் அதுவும் போயிருமுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

திருச்செங்கோட்டில் பல வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிய என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "போர் போட்டு முடிச்சா, லோடு இல்லாம அஞ்சு நிமிசம் ஓடவுட்டுத்தான் அணைப்போம் மாப்ள. டர்போ ஆறோணுமல்ல?" என்றார். எங்கள் பக்கத்து ரிக் ஆட்களும் லாரி டிரைவர்களும் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் பழக்கம் இது. பத்து லட்சம் கொடுத்துக் கார் வாங்குகிற குடும்பத்துக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. சாவி கொடுக்கும்போது மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்கிறார்கள். திரையில் பாட்டு வைப்பது எப்படி என்று அரை மணி நேரம் விளக்குகிறார்கள். எந்த கிரேடு ஆயில் ஊற்ற வேண்டும், ஏற்றம் ஏறியதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகாதா?

உங்கள் மோட்டார் பக்கத்தை எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் பார்த்துத்தான் கார் வாங்குகிறார்கள். இனி டர்போ கார்களைப் பற்றி எழுதும்போது பராமரிப்புக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஆயில் கிரேடு, மாற்றும் காலம், ஃபில்டர், அணைக்கும் முறை, இவ்வளவு போதும். என் தம்பி மகனுக்கு வரும் ஐப்பசியில் டர்போ வண்டி டெலிவரி. அதற்குள் வந்துவிட்டால் கத்தரித்து அவன் வண்டிக் கையேட்டுக்குள் வைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பல்லடம்.