0.3 என்று தட்டிய தம்பிக்கு

தம்பி,

உன் எண்ணுக்கே அனுப்பியிருக்கலாம். இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் குழுவில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். அன்றைக்கு அவர்கள் முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை என்பதால் இன்றைக்கு அவர்கள் முன்னாலேயே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நீ ஒலிக்கு உட்கார்ந்த அந்த நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். உனக்கும் சேதி வந்திருக்கும். ஒலிக்கான பழைய பேட்ச், அதாவது திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து நான் கட்டிய நிரல், வேண்டும் என்று போன வாரம் கேட்டார்கள். பரண்மேல் கிடந்த லேப்டாப்பை இறக்கி, அதற்குப் பொருந்தும் சார்ஜரை இரண்டு நாள் தேடி, அது ஓடும் ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளைத் திறந்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று முதல் நாள் காட்சிக்கு முன்னால் சேமித்தது. இன்னொன்றின் நேரம் அதே நாள் நள்ளிரவு தாண்டி 1:40. அந்த 1:40தான் இந்தக் கடிதம்.

முதல் கோப்பைத் திறந்தேன். மழையின் அளவுக்கான எண் பெட்டியில் 0 இருந்தது. அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது, மூடித் திறந்தால் பூஜ்யம்தான். மவுஸால் அதைத் தொட்டு 0.3 என்று தட்டினேன். என்டர் அடிக்கவில்லை. வீட்டுக்குள் பறை அடித்தது. சமையலறையிலிருந்து "என்னங்க அது" என்று குரல் வந்தது. நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், உன் பின்கழுத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன் அன்றைக்கு. அம்மாவாக நடித்தவர் அப்பாவின் சட்டையை மடிக்கும் காட்சி. வசனமே கிடையாது, மழை மட்டும். மழை கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. பக்கத்திரைக்குள்ளிருந்து டைரக்டர் உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். நீ தலையாட்டினாய். உன் வலது கை மவுஸுக்குப் போனது, அப்புறம் விசைப்பலகைக்கு வந்தது. மழை சட்டென்று நின்றது. குறைந்து நிற்கவில்லை, அறுந்து நின்றது. அடுத்த நொடி சுடுகாட்டுக் காட்சிக்கான பறை. சட்டை பாதி மடிப்பில் இருக்க, அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

நீ இரண்டு கைகளையும் விசைப்பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவன்போல. ஒலிப்பதிவு 11 விநாடி. அதை நிறுத்த 0 தட்டினால் போதும், அது உனக்குத் தெரியும். ஆனால் 0 தட்டியதால்தானே எல்லாம் ஆரம்பித்தது? எதைத் தொட்டால் எது வருமோ என்று நீ ஒன்றையும் தொடவில்லை. 11 விநாடியும் ஓடி முடிந்தது. அந்தக் கைகள் இறங்கவே இல்லை. நாடகத்தில் எந்தக் காட்சியை மறந்தாலும் அந்தக் கைகளை மறக்கவில்லை.

(பின்வரிசையில் ஒருவர் "பிரமாதம்" என்றார். அவருக்கு அது நவீன நாடகம்.)

நடந்தது என்ன என்று இப்போது வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. காட்சிக்கான ஒலிகளை எண் விசைகளில் கட்டியிருந்தேன். பேட்சில் கீ என்று ஒரு பெட்டி. எந்த விசையை அழுத்தினாலும் அதன் எண்ணை அது வெளியே தள்ளும். பூஜ்யத்துக்கு 48, மூன்றுக்கு 51. 48 வந்தால் எல்லா ஒலியும் நிற்கவேண்டும், 51 வந்தால் பறை. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் நீ எண் பெட்டிக்குள் தட்டுகிறாயா, வெளியே தட்டுகிறாயா என்று கீ பார்ப்பதில்லை. ஒரு தபால்காரர் கடிதத்தைத் தெருமுனையில் நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் உரிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல. நீ தட்டியது 0, புள்ளி, 3. பெட்டி பொறுமையாக "0.3..." என்று மூன்று புள்ளி போட்டுக் காட்டிக்கொண்டு என்டருக்காகக் காத்திருந்தது. அதற்குள் தெருமுனையில் பூஜ்யமும் மூன்றும் வாசிக்கப்பட்டுவிட்டன. பதற்றத்தில் நீ வேறெங்கோ கிளிக் செய்ய, அந்தப் பெட்டி 0.3-ஐ விட்டுவிட்டுப் பழைய 0.6-க்கே போய்விட்டது. நீ கேட்ட ஒன்று மட்டும் நடக்கவில்லை. கேட்காத இரண்டும் நடந்தன.

ஏன் தட்டினாய், இழுத்திருக்கலாமே என்று அப்புறம் கேட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இழுக்காதே, தட்டு என்று உனக்குச் சொன்னது நான்தான். அந்தப் பெட்டியை மவுஸால் இழுத்தால் ஒவ்வொன்றாக ஏறும், 0.6-லிருந்து நேரே 1.6. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் 0.01 வீதம் நகரும். இருட்டில் ஷிப்டைத் தேடிப் பிடிப்பதைவிடத் தட்டுவது பத்திரம் என்று நினைத்தேன். ஆல்ட் விசையோடு தொட்டாலோ ஒரேயடியாகப் பூஜ்யம். ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் இத்தனை கதவு, ஒவ்வொன்றும் வேறு பக்கம் திறக்கும்.

எனக்காகவும் கொஞ்சம் பேசவிடு. இந்த மென்பொருளை மில்லர் பக்கெட் 1996-இல் வெளியிட்டார். அதற்கு முன்பு பாரிஸில் இதே குணமுள்ள இன்னொன்றை எழுதியவரும் அவரே. கட்டுவதும் வாசிப்பதும் ஒரே பலகையில் நடக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் விசைப்பலகை அங்கே ஒரே நேரத்தில் பேனாவும் வாத்தியமும். சாதாரண எண் பெட்டி அவர் கைவேலை. நம்பர்2 என்ற இன்னொரு பெட்டியும் ஸ்லைடர்களும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தாமஸ் முசில் செய்தவை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பழகினால்தான் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். ஆக, யாரோ இரண்டு பேர், எங்கோ இரண்டு ஊரில், அவரவர் பழக்கப்படி செய்து வைத்ததை மதுரையில் ஒரு சின்ன அரங்கின் இருட்டில் நீ சுமந்தாய். இது நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால் பொய். இந்தக் குணம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் பேட்சைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள், தாளம் தட்டும் பெட்டி ஒன்றுக்காக மெட்ரோ 300 என்று எழுதினேன், மூன்றைத் தட்டியதுமே பறை முழங்கியது. சிரித்துவிட்டு, அன்றிலிருந்து எழுதும்போதெல்லாம் கன்ட்ரோலும் புள்ளியும் அழுத்தி ஒலியை அணைத்துவிடும் பழக்கத்துக்கு வந்தேன். நோய் அப்படியே இருந்தது, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒத்திகை முழுக்க நாம் லேப்டாப்போடு இணைத்த மிடி பெட்டியின் குமிழ்களைத் திருகி அளவைக் கூட்டிக் குறைத்தோம், எண்ணைத் தட்டவேண்டிய அவசியமே உனக்கு வரவில்லை.

அந்த மிடி பெட்டி அன்றைக்கு ஏன் வரவில்லை என்று உனக்கு நான் சொன்ன காரணம் ஞாபகம் இருக்கிறதா? கேபிள் பழுது என்றேன். இல்லை. ஒரு கல்யாண வரவேற்புக்கு 3,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தேன். அந்த மாதம் எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. எதற்கு என்று இங்கே எழுதமுடியாது, படிக்கிற சிலருக்குப் புரியும்.

மதியம் நாலு மணிக்கு நீ போன் செய்தாய். "அண்ணே, நம்பரத் தட்டுனா வேற சத்தம் வருதுண்ணே." நான் அப்போது மண்டபத்து வாசலில் அந்தப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். "கை பட்டிருக்கும்டா, பாத்துத் தட்டு" என்றேன். பாத்துத் தட்டு. நீ பார்த்துத்தான் தட்டினாய்.

ராத்திரி காட்சி முடிந்து எல்லாரும் டீக்கடையில் நின்றபோது டைரக்டர் என்னைத்தான் கேட்டார், உன்னைக் கேட்கவில்லை. பேட்ச் என்னுடையது என்பதால். "கை தவறிடுச்சு போல" என்றேன். நீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அதற்கு மேல் அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை எழுதமாட்டேன், அவர்களும் இதைப் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பேசினார்கள்.

அப்புறம் வீட்டுக்குப் போய் 1:40 வரை உட்கார்ந்து திருத்தினேன். சரியான திருத்தம் மிகச் சின்னது. கீ பெட்டிக்குக் கீழே ஸ்பிகாட் என்று ஒரு குழாய் வைத்து, எண் தட்டும் நேரத்தில் மட்டும் அதை மூடிவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் குழாயை மூடு, திற என்று உனக்குச் சொல்லவேண்டும். ஏன் என்று நீ கேட்பாய். அதனால் குழாய் வைக்காமல், ஒலிகளை எண் விசைகளிலிருந்து எழுத்து விசைகளுக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் "புது வசதி, எழுத்து ஞாபகம் வைக்கச் சுலபம்" என்று சொல்லிக் கொடுத்தேன். வரிசையில் ஏன் ஆங்கில ஈ (e) எழுத்தை மட்டும் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாய் பார், அப்போது என் வயிறு கலங்கியது. எண் பெட்டி அந்த ஓர் எழுத்தை எண்ணின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், அடுக்கு எழுதுவதற்காக. அதைச் சொன்னால் மிச்சமும் வெளியே வரும். "அது ராசியில்லாத எழுத்துடா" என்றேன். நீ சிரித்தாய். என்னை நம்பிச் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாக இருக்கும்.

மழைக்கு நம்பர்2 வைத்ததும் அந்த ராத்திரிதான். கீழெல்லை 0, மேலெல்லை 1 என்று கட்டிவிடலாம், இழுத்தாலும் எகிறாது. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அன்று நம்மிடம் இருந்த பதிப்பில் அது மூன்று விநாடிக்குமேல் காத்திருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. நீ 0.3 தட்டிவைத்துவிட்டு, வசனம் வரட்டும் என்று மேடையைப் பார்த்தாய். சிவப்பில் இருந்த எண் போய்ப் பழைய எண் வந்து நின்றது. மறுபடி தட்டினாய், மறுபடி போனது. மழை இரண்டு வசனம் பிந்திக் குறைந்தது. "நேத்து இருந்த பெட்டி காத்திருந்துச்சுண்ணே" என்று மட்டும் சொன்னாய். அதற்கு நான், எல்லார் முன்னாலும், "ஒனக்கு எதக் குடுத்தாலும் பத்தாது" என்றேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதவேண்டிய இடம் இது. எழுதிவிட்டேன்.

ஆனால் நீயும் சுத்தமில்லை. கடைசிக் காட்சிக்கு முந்தின நாள் சொல்லாமல் போனாய். லேப்டாப்பும் கையுமாக நான் ஓடி வந்து உட்காரவேண்டியிருந்தது. மிக்சருக்குப் போகும் இரண்டு நீளக் கேபிள்கள் உன் பையோடு போயின, அவை என் காசு. "அண்ணன் கட்டுனது குப்பைப் பேட்ச்" என்று நீ சொல்லித் திரிந்தது மூன்று பேர் வழியாக என் காதுக்கு வந்தது. குப்பையாகவே இருக்கட்டும், உனக்கு விசைப்பலகையில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் குப்பைதான். அப்பா போன அன்று, நீ வருவாய் என்று சாயங்காலம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் பறை அடித்தார்கள். எனக்கு உன் கைகள்தான் ஞாபகம் வந்தன. நீ வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. அதற்கும் நான்தான் காரணமா?

சரி. காரணமாகவும் இருக்கலாம்.

நேற்று மூன்றாவது கோப்பு ஒன்று செய்தேன். குழாய் வைத்தாயிற்று. மழைக்கு எண் பெட்டி கிடையாது, ஒரு ஸ்லைடர் மட்டும். அது விசைப்பலகைக்குக் காதே கொடுக்காது. பறை மறுபடி மூன்றில்தான் இருக்கிறது. பேட்சின் மேல்மூலையில் குறிப்பு எழுதும் இடத்தில், முதல் நாள் என்ன நடந்தது, யார் முன்பே சொன்னான், யார் கேட்கவில்லை என்று நாலு வரி போட்டிருக்கிறேன். உன் பெயரோடு. திறக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டைரக்டருக்கும் அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒலிக்கு யார் உட்காருவது என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் போடவில்லை. ஒத்திகை ஞாயிறு காலை பத்து மணிக்கு, அதே அரங்கு. மிடி பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. வந்தால் கேபிள்களை எடுத்துக்கொண்டு வா.

அண்ணன்