முப்பது வெள்ளியும் ஒரு தோட்டக்காரரும்: கோலாலம்பூர் தமிழ்ச் சபைகளில் பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்டர்மார்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், சனிக்கிழமை ராத்திரி போன் வந்து "நாளைக்கு நீங்க பேசிடுங்க" என்று மாட்டிக்கொள்ளும் சபையார் அத்தனை பேருக்கும் ஸ்தோத்திரம்.

நான் செந்தூலில் இருக்கிறேன், பத்தொன்பது வருடமாக ஞாயிறு பள்ளி டீச்சர். எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆனால் பத்தொன்பது ஈஸ்டர் பிரசங்கங்களைப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவர்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் காலால் தள்ளி விளையாட ஆரம்பிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது.

போன ஈஸ்டருக்குக் கழுகு வந்தது. உங்களுக்கே தெரியும் அந்தக் கழுகு. நாற்பது வயதானதும் மலை உச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொண்டு, புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்கி, அப்புறம் இறகுகளைப் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து, இன்னும் முப்பது வருடம் வாழப் பறந்து போகுமே, அதேதான். பிரசங்கியார் நன்றாகத்தான் சொன்னார், முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த பதினொரு வயதுப் பையன் என் காதில் கேட்டான்: "டீச்சர், வாய் இல்லாம அஞ்சு மாசம் அது என்ன சாப்பிடும்?"

ஒன்றும் சாப்பிடாது, பட்டினியில் செத்துப்போகும். கழுகுக்கு இறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உதிர்ந்து தானே முளைக்கும், பிடுங்கிக்கொள்கிற வேலையெல்லாம் கிடையாது. காட்டில் ஒரு கழுகு முப்பது வருடம் இருந்தாலே அது பெரிய ஆயுசு. 103-ஆம் சங்கீதத்தில் கழுகு இருக்கிறது, பாறை இல்லை. இதைக் கண்டுபிடிக்க அந்தப் பையனுக்குக் கூகிள்கூடத் தேவைப்படவில்லை பாருங்கள். அதே பையன்தான் பத்து நிமிடம் கழித்து, அதே பிரசங்கியார் வாயிலிருந்து, கல்லறை காலியாக இருந்தது என்று கேட்கிறான். அவன் எதை நம்புவான்? மற்ற பண்டிகைக்கு ஒரு கதை அப்படி இப்படி இருந்தால் போகட்டும் என்று விடலாம், ஈஸ்டருக்கு விட முடியாது, ஏனென்றால் ஈஸ்டர் முழுக்கவே "நாங்கள் பார்த்தோம்" என்று சிலர் சொன்ன சாட்சியின் மேல் நிற்கிற பண்டிகை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா என்று பவுலே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கழுகுக்கு அடுத்தது மடித்த துணி. யூத வீட்டு எஜமான் சாப்பாட்டிலிருந்து எழும்போது துணியை மடித்து வைத்தால் "திரும்பி வருவேன்" என்று அர்த்தமாம், அதனால்தான் இயேசு தலைச் சீலையை மடித்து வைத்துவிட்டுப் போனாராம். வாட்ஸாப்பில் வருடா வருடம் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், கிளம்பிவிடும். அப்படி ஒரு வழக்கத்துக்குப் பழைய யூத நூல்களில் ஆதாரம் இல்லை, போதாததற்கு நம் தமிழ் வேதாகமத்தில் அந்தச் சீலை "சுருட்டி" வைக்கப்பட்டிருக்கிறது, மடித்து இல்லை. கல்யாண வீட்டில் வாழையிலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்களே, அந்த மாதிரி யாரோ ஒரு மாமா கிளப்பிவிட்டதாகத்தான் இருக்கும். ரயிலில் வருகிறவர்களைக் காப்பாற்ற ஒரு அப்பா பாலத்தை இறக்கும்போது சொந்த மகன் நசுங்கிச் சாகிற கதையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அதில் தேவ அன்பு தெரிவதில்லை, "அந்த அப்பா ஏன் பையனை வேலைக்குக் கூட்டிட்டுப் போனாரு?" என்பதுதான் அவர்கள் கேள்வி, எனக்கும் அதே கேள்விதான்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஈஸ்டர் ஒரு நாள் கூத்து இல்லையே. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, விடியற்கால ஆராதனை, அதற்கப்புறம் பெந்தெகொஸ்தே வரைக்கும் ஐம்பது நாள். போன வருடம் சொன்னதை யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார், அவர் பெரும்பாலும் மூப்பராகத்தான் இருப்பார். அதனால் இரவு பதினோரு மணிக்குப் போனைத் திறந்து ஈஸ்டர் கதை என்று தேடுகிறீர்கள். வருவதெல்லாம் பனி உருகி வசந்தம் வருகிற ஊர்க் கதை, அல்லது தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து மாட்டு வண்டிக் கதை. நம் பிள்ளைகள் பனியையும் பார்த்ததில்லை, மாட்டு வண்டியையும் பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் நாட்டுத் தமிழே உங்களுக்குக் கதை எடுத்துக் கொடுக்கிறது, நீங்கள் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

யூதாஸ் பாடம் நடத்தும்போது "முப்பது வெள்ளிக்காசு" என்றேன். ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள். "முப்பது வெள்ளிக்கா டீச்சர்? நேத்து நாங்க நாசி கண்டார் சாப்பிட்டதே முப்பத்தெட்டு வெள்ளி." வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அந்த அமைதியை நான் எந்தப் பிரசங்கத்திலும் பார்த்ததில்லை. ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்குத்தான் அந்த அதிர்ச்சி கிடைக்கும். அதே பெண் "அப்ப பெரிய வெள்ளின்னா நூறு வெள்ளியா?" என்றும் கேட்டாள், அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

விடியற்கால ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, ஆறு மணிக்கு "சூரியன் உதிக்கிறதைப் பாருங்கள்" என்கிறோம். எங்கே பார்ப்பது? 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதிலிருந்து ஈஸ்டர் சமயத்தில் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. நாம் முதல் பாட்டு பாடும்போது பக்கத்துச் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், சுபு என்கிற விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு கேட்கிற நேரம், வாசலில் கும்மிருட்டு. யோவான் எழுதியிருப்பதும் அதுதானே, மகதலேனா மரியாள் "இருட்டோடே" வந்தாள் என்று. இருக்கிற இருட்டைக் காட்டினாலே போதும். 2026-இல் ஈஸ்டரும், சீனர்கள் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்கிற செங் பெங்கும் ஒரே நாளில், ஏப்ரல் 5-இல் விழுகிறது. நம் பக்கத்து வீட்டார் துடைப்பமும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு விடியுமுன் கல்லறைக்குக் கிளம்புவார்கள், லூக்காவில் பெண்கள் கந்தவர்க்கங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியது போல. நாம் அதைப் பற்றிப் பேசுவது ரோட்டில் ஜாம் என்று மட்டும்தான்.

இப்போது தோட்டக்காரருக்கு வருகிறேன். மரியாள் உயிர்த்த இயேசுவைப் பார்த்துத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். தமிழ்நாட்டில் வாசித்தால் அது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள். இங்கே அப்படியா? இங்கே தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம், லயன் வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, கங்காணி, ஆயாக் கொட்டகை. நான் தோட்டத்தில் பிறந்தவள். டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது "தோட்டக்காட்டு ஆளு" என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் சபையில் பாதிப்பேர் அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்கள், இன்றைக்கு நல்ல வேலையில் இருப்பதால் வெளியே சொல்வதில்லை. சாவை ஜெயித்து வெளியே வந்த ஆண்டவர், முதல் முதலில் ஒரு பெண்ணின் கண்ணுக்குத் தோட்டத்து ஆளாகத் தெரிந்தார். இதைச் சொல்லி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை, பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட.

எங்கள் பிளாட்டின் நான்காவது மாடியில் எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார், பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். (இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன், ஏன் கேட்டேன் என்று பிறகு சொல்கிறேன்.) ஜப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்களே, அதில் 1943-இல் அவர் அப்பாவும் போனார். இவருக்கு மூன்று வயது. அப்பா திரும்பவில்லை, பொணமும் வரவில்லை, குழியும் தெரியாது. இவருடைய அம்மா சாகிறவரைக்கும் பொட்டை அழிக்கவில்லையாம், "வச்ச எடம் தெரியலையே, எப்படி அழிக்கிறது" என்று சொல்வாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. கல்லறை வாசலில் மரியாள் அழுதுகொண்டு சொன்னதும் அதே பேச்சுத்தான், அவரை வைத்த இடம் எனக்குத் தெரியவில்லை என்று. பாட்டி அதைச் சபையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "எங்கம்மா சொன்னதுதானே அது" என்றார், அவ்வளவு சாதாரணமாக.

ஈஸ்டருக்கு வழக்கமாகச் சொல்கிற, கூட்டை உடைத்து வருகிற பட்டாம்பூச்சிக்குப் பதில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். ரப்பர் மரத்தைச் சொல்லுங்களேன். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் சிவந்து கொட்டி, மரம் மொட்டையாக நிற்கும், செத்துப்போன மாதிரி. பிறகு செம்பு நிறத்தில் துளிர் விட்டுப் பச்சையாகும். பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். பாட்டி சொல்வது, "லெந்துக்கு நாங்க தனியா உபவாசம் இருந்ததில்ல, மரமே இருக்க வச்சிடும்." மரம் சரியாக லெந்து காலத்தில் மொட்டையாகி ஈஸ்டர் பக்கத்தில் துளிர்க்கிற நாட்டில் இருந்துகொண்டு யாரோ ஊர்ப் பனியைப் பற்றிப் பேசுகிறோம்.

பெரிய வெள்ளிக்கு ஒன்று. சபாவிலும் சரவாக்கிலும் அன்று பொது விடுமுறை, நமக்கு இல்லை. எங்கள் சபையில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். ஒரு லாரி ஓட்டுநர், வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை கொஞ்சம் நீளம் என்பதால் வேலை உடுப்போடு ஓடி வருவார், கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நிற்பார், நான்காவது வார்த்தை முடியும்போது கிளம்பிவிடுவார். நான்காவது வார்த்தை எது என்று உங்களுக்குத் தெரியும். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதைக் கேட்டுவிட்டு லாரியில் ஏறுகிறார், "முடிந்தது" என்பதை அவர் கேட்டதே இல்லை. யாராவது ஒருவர் அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்திருந்தால் அன்றைய பிரசங்கம் வேறு மாதிரி இருந்திருக்கும், குறைந்தபட்சம் வார்த்தைகளைக் கொஞ்சம் சுருக்கியாவது பேசியிருப்பார்கள்.

ஈஸ்டருக்குப் பிந்திய ஞாயிறுகளுக்கும் பஞ்சமில்லை. பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சீஷர்களைப் பற்றிப் பேச, 2020 ஏப்ரல் 12-ஐ ஞாபகப்படுத்தினால் போதும், எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்கில் நாம் எல்லாரும் வீட்டுக்குள் இருந்து கும்பிட்ட ஈஸ்டர். அப்புறம் யோவான் 21. கரிநெருப்பு, அதன்மேல் மீன். நம் ஊரில் இதற்கு ஈகான் பாக்கார் என்று பெயர், சிரிக்காதீர்கள். பேதுரு மறுதலித்த ராத்திரியிலும் குளிர்காய்ந்தது கரிநெருப்பில்தான், யோவான் அந்த வார்த்தையை அங்கேயும் இங்கேயும் மட்டும்தான் போடுகிறார், அந்த வாசனை பேதுருவுக்கு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில், ராத்திரியெல்லாம் வேலை செய்து களைத்தவர்களைக் கூப்பிட்டு ஆண்டவர் போஜனம் பண்ணுங்கள் என்கிறார். மலேசியாவில் அதை நாம் எப்படிச் சொல்வோம்? "வாங்க, பசியாறலாம்." நைட் ஷிப்ட் முடிந்து நேரே கோயிலுக்கு வந்து தூங்கி வழிகிற பையனுக்கு இது போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

பாட்டியிடம் ஏன் அனுமதி கேட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். சில வருடங்களுக்கு முன் என் அம்மா ஐசியு-வில் பதினாறு நாள் கிடந்து எழுந்து வந்தார்கள். நான் ஜெபத்துக்காக ஒரு போதகரிடம் சொன்னதை, அவர் வேறொரு சபையில் ஈஸ்டர் பிரசங்கமாக்கிவிட்டார். டாக்டர் கைவிட்டார் என்றாராம், டாக்டர் கைவிடவே இல்லை, அந்த அம்மணி ராத்திரி பகலாகப் பார்த்தார். அதைக்கூட விட்டுவிடுவேன். அம்மா வீட்டுக்கு வந்து ஏழாம் மாதம் இறந்துபோனார்கள், அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும், அடக்க ஆராதனைக்கு வந்திருந்தார். அம்மா செத்ததைச் சொன்னால் ஈஸ்டர் கெட்டுப்போகும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அந்த ஏழு மாதம்தான் ஈஸ்டர். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகவே கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள், சொல்லலாமா என்றும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். லெந்தில் ஆறு வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடு என்று போனால்கூடக் கிட்டத்தட்டப் பெந்தெகொஸ்தே வரைக்கும் ஓடும்.

நான்காவது மாடிப் பாட்டியிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், தாராளமாக வரட்டும் என்றார். லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது. காலையில் போனால் பசியாறாமல் அனுப்ப மாட்டார், அதனால் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்த எடுப்பில் வெளியே எடுக்காதீர்கள், போலீஸ் ரிப்போர்ட் எழுத வந்த ஆள் என்று பயந்துவிடுவார்.