பத்துத் தெப்பத்தில் தொடங்குங்கள்: பாசி வளர்க்க வரும் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் ராமேசுவரம் வரை வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில், வரும் தையில் கப்பாபைக்கஸ் என்னும் கடல் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்க முடிவெடுத்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம்.

2020இல் வந்த மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் ஒரு தெப்பத்துக்கு அலகு விலை 1,500 ரூபாய், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். ஆளுக்கு 45 தெப்பம் என்பது இங்கே பழகிப்போன கணக்கு. ஒரு பயிர் 45 நாள் என்பதால் நாளுக்கு ஒரு தெப்பம் கட்டலாம், ஒன்றை அறுக்கலாம். கணக்கு சரிதான். ஆனால் முதல் நாளே 45 தெப்பத்தையும் இறக்கிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

காரணம் விதை. 12 அடிக்கு 12 அடித் தெப்பத்தில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆகத் தெப்பத்துக்கு 60 கிலோ. 45 தெப்பத்துக்கு 2,700 கிலோ பச்சைப் பாசி வேண்டும். மழை முடிந்த கையோடு அவ்வளவு நல்ல விதை கரையில் கிடைக்காது. கிடைப்பதை வாங்கினால் கிழடும் நோயும் கலந்துதான் வரும்.

பத்துத் தெப்பத்துக்கு 600 கிலோ போதும். நான்கு நாளுக்கு ஒன்றாகக் கட்டுங்கள். நல்ல பருவத்தில் தெப்பத்துக்கு 240, 260 கிலோ வரும். 200 என்று குறைத்தே வைத்தாலும், ஒரு தெப்பத்து அறுவடை மூன்று தெப்பத்துக்கு விதை. முதல் சுற்றில் எதையும் காயப்போடாமல் திரும்பக் கட்டினால், அடுத்த சுற்றில் முப்பதுக்கு மேல் போய்விடலாம். ஒன்றரை மாத வருமானம் தள்ளிப்போகும், உண்மை. பத்துக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் காய்ந்த பாசி. அந்த முதல் சுற்றை விற்றாலும் பெரிய தொகை நிற்காது.

விதை என்றால் இளங்கிளையின் நுனி: ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. ஈரச் சாக்கில் மூடி, நிழலில் கொண்டுவாருங்கள். நல்ல தண்ணீர் தெளிக்கவே கூடாது. கடல் தண்ணீர் மட்டும். பின்னல் கயிற்றுத் துண்டில் முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகப் போடுங்கள். இறுக்கினால் பாசி பருக்கும்போது கயிறு கழுத்தை அறுத்து, தலை மிதந்து போய்விடும்.

மணல் தரை உள்ள இடமாகப் பாருங்கள். வற்றுநீரிலும் தெப்பம் தரை தட்டக் கூடாது. ஆறோ ஓடையோ கலக்கும் வாய் வேண்டாம். அடியில் பழைய வலை கட்டாவிட்டால் ஓரா மீன் நுனியாகப் பார்த்துக் கொறித்துவிடும். தெப்பங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டினால் ஒரு நங்கூரத்தில் நிறுத்தலாம்.

தென்கடல் பக்கம் போகவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. குருசடைத் தீவுப் பவளப்பாறையில் இந்தப் பாசி படர்ந்திருப்பது 2008இலேயே ஆய்வில் பதிவாகிவிட்டது. பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து வந்த இனம் இது. நம் பவளத்தை மூச்சு முட்ட வைக்கும்.

சித்திரை, வைகாசியில் கவனம் வையுங்கள். காற்று விழுந்து தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் 'ஐஸ் ஐஸ்' என்னும் வெளுப்பு நோய் வரும். கிளையின் நடுவில் ஒரு விரற்கடை வெளுத்து, தொட்டால் குழைந்து, மறுநாள் அங்கேயே முறியும். மருந்து கிடையாது. வெளுத்ததை வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் வீசாதீர்கள். நாள் ஆகாவிட்டாலும் அந்தத் தெப்பத்தை அறுத்துக் காயவையுங்கள். அதிலிருந்து ஒரு பிடி கூட விதைக்கு எடுக்காதீர்கள். மிச்சத் தெப்பம் கெடுவது இந்த ஆசையால்தான். மற்ற நாளில் கயிறு கயிறாகத் தூக்கி உதறினால் தூசிப்பாசியும் சேறும் போகும்.

காயவைப்பது மணலில் அல்ல, பரணில் வலை விரித்து. மணல் ஒட்டினால் எடையில் கழிப்பார்கள். பாதி காய்ந்ததில் மழை பட்டால் வியாபாரிக்கு வேண்டிய கூழ்ச்சத்தே கரைந்துவிடும்.

கடைசிக் கட்டு ஆவணி தொடக்கத்தோடு முடியட்டும். புரட்டாசிக் கடைசிக்குள் அறுத்துத் தெப்பத்தைக் கரையேற்றிவிடுங்கள். அப்புறம் வாடைக்காற்றும் மழைத்தண்ணீரும் கயிற்றில் எதையும் விட்டுவைக்காது. தையில் கட்ட விதை வேண்டுமே என்றால், கொஞ்சத்தைக் குழாய் வலைக்குள் திணித்து, காற்று மறைந்த இடத்தில் தாழ்த்திக் கட்டுங்கள். முடிச்சு விதையைவிட அது அலையைத் தாங்கும். ஒரு குழுவின் விதை போனாலும் இன்னொன்றுடையது தப்பலாம். அதனால் பக்கத்து ஊர்க் குழு இரண்டு மூன்றோடு, தப்பியதைப் பங்கிடுவது என்று புரட்டாசியிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வடகடல் பாசி வளர்ப்போர்