பள்ளத்தாக்கு வன நடைபாதையில் இடிந்த ஓடைப் பாலத்தைச் சீரமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளத்தாக்கு நடைபாதையைப் பயன்படுத்தும் பெற்றோர்கள்.

பெறுநர்:
உயர்திரு வனச்சரக அலுவலர் அவர்கள்,
வனச்சரக அலுவலகம்.

பொருள்: நடைபாதையின் குறுக்கே உள்ள ஓடைப் பாலத்தைப் புதுப்பித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஓடையை ஒட்டியே செல்லும் நமது பள்ளத்தாக்கு நடைபாதையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஏற்ற இறக்கம் அதிகமின்றி, நெடுகிலும் நிழலுடன், நடை பழகிய குழந்தையும் தாத்தா பாட்டியும் ஒருசேர நடக்கத்தக்க பாதை இது ஒன்றே. நுழைவாயிலில் தங்கள் துறை வைத்துள்ள பலகையும், சிறு குழந்தைகளுடன் வரும் குடும்பங்களுக்கு ஏற்ற எளிய பாதை என்றே இன்றளவும் அறிவிக்கிறது. அதை நம்பி வருகிறவர்கள் ஓடைக்கரையில் படும் பாட்டைத் தங்களின் மேலான கவனத்திற்கு மீண்டும் கொண்டுவருகிறோம்.

1. மரப்பாலத்தின் நடுப்பலகைகள் இற்று விழுந்துவிட்டன; எஞ்சியவை கால் வைத்தால் அமுங்குகின்றன, ஆணிகள் தலைதூக்கி நிற்கின்றன. பள்ளத்தாக்கின் அடியில் வெயில் தாமதமாக வந்து விரைவில் விலகிவிடுவதால் நனைந்த மரம் காய்வதே இல்லை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடிக்கும் மரத்தில் பூஞ்சை பற்றும் என்பது தங்கள் துறைக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே பூசிய பச்சை வண்ணம் இற்றுப்போனதை மறைத்ததே தவிரத் தடுக்கவில்லை.

2. பாலம் இல்லாததால் எல்லோரும் பாசி படிந்த கற்களின் மேல் கால் மாற்றித்தான் ஓடையைக் கடக்கிறோம். கற்களின் இடைவெளி பெரியவர்களின் எட்டுக்கே சரியாக இருப்பதால் குழந்தைகளைத் தூக்கித்தான் கடத்த வேண்டும். இடுப்பில் கைக்குழந்தை, மறு கையில் நான்கு வயதுப் பிள்ளை, பல்லில் கவ்விய செருப்பு வார் என்று ஒரு தாய் நடு ஓடையில் நின்றுகொண்டு, அடுத்த கல்லுக்குப் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தவித்ததை நாங்கள் பார்த்தோம். பெரியவரின் முழங்கால் அளவு நீர் மூன்று வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரியவரையும் நிலைதடுமாறச் செய்யும். அதன் வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இங்கே ஒரு தூறல்கூட இல்லாதபோதும் மேல்மலையில் பெய்த மழை சற்று நேரத்தில் இந்த ஓடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. போகும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் திரும்பும்போது முழங்காலுக்கு ஏறியிருந்தால், அக்கரையில் பிள்ளைகளோடு நிற்பவர்கள் என்ன செய்வார்கள், ஐயா?

3. சரிவின் மேலே மாற்றுப் பாதை இருப்பதாக வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. செங்குத்தான அந்தப் பாறைப் படிகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர் எவரும் அதை மாற்றுப் பாதை என்று சொல்லமாட்டார்.

4. சிறு பிள்ளைகளைக் காட்டுக்குள் ஏன் அழைத்து வருகிறீர்கள் என்றும் ஒருமுறை எங்களிடம் கேட்கப்பட்டது. பலகை வைத்து அழைத்தது யார்? பாலம் கட்ட இயலாதெனில் அந்தப் பலகையையாவது எடுத்துவிடுங்கள். குறைந்தபட்சம், பாலம் பழுது என்று நுழைவாயிலிலேயே ஒரு வரி எழுதி வைத்தால் ஓடைவரை நடந்து வந்து ஏமாற மாட்டார்கள். அதற்கு ஒரு தூரிகை போதும், ஐயா.

5. நாங்கள் கேட்பது சிறிய பாலம் ஒன்றே.

பாதையை அகலப்படுத்தவோ சிமெண்ட் தளம் போடவோ நாங்கள் கேட்கவில்லை. அவை காட்டுக்கும் நல்லதல்ல. வெள்ளம் தொட்ட தடத்திற்கு மேலாக உயர்த்தி, வழுக்காத தளம் அமைத்து, குழந்தையின் தலை நுழையாதபடி கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மிகாத கைப்பிடியுடன் பாலத்தைக் கட்டித் தந்தால் போதும். ஓடை வற்றியிருக்கும் இப்பருவத்தில்தான் அடித்தளம் போட முடியும். இதைத் தவறவிட்டால் மழைக்காலம் முழுவதும் இதே கற்கள்தான். ஆகவே ஓடைப் பாலத்தை மழைக்கு முன்பாகச் சீரமைத்துத் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை இம்முறையாவது எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடைபாதையைப் பயன்படுத்தும் பெற்றோர்கள்.