டேஷ்போர்டை நம்புவதற்கு முன்னால் அவனிடம் பேசு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நீ நடத்தும் சாஃப்ட்வேர் டீமில் ஒரு பையன் முடிக்கும் டிக்கெட்டுகள், அதாவது பதிவு செய்து கொடுக்கும் வேலைகள், பாதியாகக் குறைந்துவிட்டன, யார் எவ்வளவு முடித்தார்கள் என்று காட்டும் டேஷ்போர்டு சிவப்பாகக் காட்டுகிறது, ஹெச்ஆருக்கு மெயில் போடலாமா என்று கேட்டாய். போடாதே. முதலில் அவனிடம் பேசு.

டேஷ்போர்டு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. குறைந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறானோ என்னவோ. அந்த நேரம் எந்த டிக்கெட்டிலும் ஏறாது. யாரும் தொடப் பயப்படும் பழைய புரோகிராம் அவன் தலையில் விழுந்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். நிஜமாகவே அசட்டையாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

மனிதர் பேச்சைத் தள்ளிவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் தபால் நிலையங்களில் நடந்ததைப் படித்துப் பார். 1999இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அங்கே வந்தது. பணம் குறைவதாக அது காட்டியது. 'நாங்கள் எடுக்கவில்லை' என்று கிளை நடத்தியவர்கள் கதறினார்கள். உதவி எண்ணுக்குக் கூப்பிட்ட பலரிடம், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்றே சொல்லியிருக்கிறார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். மென்பொருளில் கோளாறு இருந்ததை 2019இல் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்த உதவி எண்ணில் இருந்தவர்களில் ஒருவராவது, 'இதையே இன்னொருவரும் சொன்னாரே' என்று மேலே போய்ச் சொல்லத் துணியும்படி அந்த இடம் இருந்திருந்தால்? எனக்கு அதுதான் ஆறவில்லை.

உன் டீமில் அந்தத் துணிச்சல் இருக்கிறதா என்று பார். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்ததாக அதற்கு அர்த்தமில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட காரணம். ஆகவே உன் மீட்டிங்கில் எல்லாம் பச்சையாகவே இருந்தால் சந்தோஷப்படாதே, கொஞ்சம் கவலைப்படு. ரிலீஸுக்கு முந்தின நாள் ஒருவர் 'இது ஓடாது' என்று சொன்னால், அந்த நிமிஷம் உன் முகம் எப்படிப் போகிறது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். சாட்டில் கேட்காதே, 'ஓகே' என்று ஒரு வார்த்தைதான் வரும். தனியாகக் கூப்பிடு, லேப்டாப்பை மூடிவிடு. எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லிவிட்டு, 'உன் நேரம் எங்கே போகிறது?' என்று கேள். கேட்டபின் சும்மா இரு. அவன் யோசிக்கும் இடைவெளியை நீ பேசி நிரப்பாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அசட்டைதான் என்று தெரிந்தால் அதையும் நேரிலேயே சொல். இரக்கப்பட்டு மழுப்புவது அவனுக்கு நல்லதில்லை. அப்புறம், அவன் வேலையைப் பற்றி நீ எழுதும் ரிவ்யூவை ஏஐயிடம் எழுதச் சொல்லாதே. பிழை திருத்தக் கொடு, போதும். அவனைப் பற்றிய வார்த்தை உன்னுடையதாக இருக்கட்டும்.

பேசியதும் எனக்குப் போன் பண்ணு. ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா