கிளீவ்லாந்து பிரவுன்ஸ் பற்றி முத்தையாவுக்கு

அக்ரன், ஒஹையோ

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கத் தொடங்கியாயிற்று என்றால் அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? இங்கே நாங்கள் நலம். மீனாட்சி எங்கள் பகுதி நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை படித்துக் காட்டுகிறாள். மூத்த பேத்தி கல்லூரியில் வேதியியல் எடுக்கப் போகிறாள். டயர் ஆலையில் ரப்பரோடு வாழ்ந்தவனுக்கு இதைக் கேட்க எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி கதிரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பார்ப்பதற்காகத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து உட்காரும் பிள்ளைக்கு முழுமையான பதிலைத் தர வேண்டாமா? அமெரிக்கக் கால்பந்தை அதிகம் மாற்றிய பழைய அணி எது என்று கேட்டு, பேக்கர்ஸ், ஸ்டீலர்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ், பேட்ரியாட்ஸ் என்று நான்கு பெயர்களையும் அவனே எழுதி அனுப்பியிருக்கிறான். நான்குமே கோப்பைகளைக் குவித்த அணிகள். ஆனால் ஆட்டத்தை மாற்றியவர்களைத் தேடும்போது நான் பார்ப்பது வேறு. ஓர் அணி செய்ததைப் பிற்பாடு எல்லா அணிகளும் செய்யத் தொடங்கினவா? அந்த அணியைக் கண்டு விதிகளை எழுதுபவர்கள் பதறினார்களா? இப்படிப் பார்த்தால் என் விடை அவன் பட்டியலிலேயே இல்லை. 1946 முதல் 1955 வரை ஆடிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ்தான் அது.

கதிர் நம்ப மாட்டான். அவன் அறிந்த பிரவுன்ஸ் 2017 இல் பதினாறு ஆட்டங்களிலும் தோற்ற அணி. சூப்பர் பௌலில் ஒருமுறைகூட ஆடாத அணி. ஆனாலும் அவன் இன்று தொலைக்காட்சியில் காணும் ஆட்டத்தின் பாதிக்கு மேல் அங்கேதான் உருவானது.

நியாயமாக முதலில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். 1940 டிசம்பர் 8 அன்று சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் அவர்கள் வாஷிங்டனை 73-0 என்று வென்றார்கள். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே வாஷிங்டன் அவர்களை 7-3 என்று தோற்கடித்திருந்தது. இந்த வெற்றிக்குக் காரணம் 'டி' அமைப்பு. பந்தைப் பல அடி பின்னால் நிற்பவருக்கு எறியும் பழைய முறைக்குப் பதிலாக, தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் வீரரான குவார்ட்டர்பேக் முன்வரிசைக்கு ஒட்டி நின்று கையிலேயே வாங்கினார். ஓடப்போகிறாரா, வீசப்போகிறாரா என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியவில்லை. பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ், ஆலோசகர் கிளார்க் ஷாக்னெசி, ஆடியவர்களில் சிட் லக்மன் ஆகியோர் சேர்ந்து குவார்ட்டர்பேக் என்ற பொறுப்பையே புதிதாக உருவாக்கினார்கள் எனலாம். இது பெரிய மாற்றம்தான், ஆனால் ஒரே ஒரு மாற்றம். பிரவுன்ஸ் மாற்றியதோ அணி என்ற நிறுவனம் இயங்கும் முறை முழுவதையும்.

அணிக்குப் பெயர் தந்தவர் அதன் முதல் பயிற்சியாளர் பால் பிரவுன். எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருக்கும் மாசிலான் என்ற சிற்றூரின் பள்ளியில் பயிற்சியாளராக இருந்து பெயர் எடுத்தவர். அவரிடம் பள்ளி ஆசிரியரின் குணம் கடைசிவரை இருந்தது. முரட்டு உடம்புக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்தார். ஆட்ட உத்திகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார், பிறகு தேர்வு வைத்தார். தன் அணியின் ஆட்டங்களையும் எதிரணியின் ஆட்டங்களையும் படச்சுருளில் போட்டு ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண் கொடுத்தார். உதவிப் பயிற்சியாளர்களை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். வேகத்தை அளக்க 100 யார்டு ஓட்டத்தை விட்டுவிட்டு 40 யார்டு ஓட்டத்தை எடுத்தார். உதைத்த பந்தைத் துரத்தி ஓடும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் கல்லூரி இளைஞர்களைத் தேர்வு செய்யும்போது எல்லா அணிகளும் அந்த 40 யார்டு நேரத்தைத்தான் முதலில் கேட்கின்றன.

களத்தில் எந்த உத்தியை ஆடுவது என்பதைக் குவார்ட்டர்பேக்கிடம் விடாமல் அவரே தீர்மானித்தார். ஒவ்வொரு முறையும் ஒரு வீரரை மாற்றி அனுப்பி, அவர் வாய்வழியே செய்தி போகும். 1956 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ராட்டர்மனின் ஹெல்மெட்டுக்குள் சிறிய வானொலிக் கருவியை வைத்துப் பேசினார். தேசிய கால்பந்து லீக்கின் (என்.எஃப்.எல்.) தலைவர் பெர்ட் பெல் உடனே தடை விதித்தார். 1994 இல் அதே லீக் அதே ஏற்பாட்டை எல்லா அணிகளுக்கும் அனுமதித்தது. காலத்தை இவ்வளவு முந்திச் சென்ற வேறோர் அணியை இந்த ஆட்டத்தில் நான் கண்டதில்லை. ஹெல்மெட்டின் முன்னால் முகத்தைக் காக்கும் கம்பி இருக்கிறதல்லவா, அதற்கும் கதை உண்டு. 1953 இல் பிரவுன்ஸின் குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரஹாமுக்கு முகத்தில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் காப்பைப் பொருத்தி அன்றே அவரை மீண்டும் களத்தில் இறக்கினார்கள். அதன் பிறகு பால் பிரவுன் அதை மேம்படுத்துவதில் முனைந்தார். சில ஆண்டுகளில் முகக்கம்பி எங்கும் பரவியது.

நான் அதிகம் மதிப்பது வேறொன்றை. 1934 முதல் 1945 வரை தேசிய லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்படாத தடை. இத்தனைக்கும் 1920 இல் லீக்கின் முதல் சாம்பியனான எங்கள் அக்ரன் அணியில் ஃப்ரிட்ஸ் பொல்லார்டு என்ற கறுப்பினத்தவர் நட்சத்திரமாக விளங்கினார்; மறு ஆண்டு அவரே இணைப் பயிற்சியாளர். திறந்திருந்த கதவைப் பின்னால் வந்தவர்கள் சாத்தினார்கள். 1946 இல் தேசிய லீக்குக்குப் போட்டியாகப் புதிதாகத் தொடங்கிய லீக்கில் பிரவுன்ஸ் சேர்ந்தபோது, பால் பிரவுன் பில் வில்லிஸையும் மேரியன் மோட்லியையும் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு கிளீவ்லாந்தை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் உட்டி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. அங்கே மைதானம் பொதுச் சொத்து என்பதால் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் நெருக்கினார்கள். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் கால்வைத்தது அடுத்த ஆண்டு, 1947 ஏப்ரலில்.

மோட்லியும் வில்லிஸும் சுலபமாக ஆடிவிடவில்லை. கீழே விழுந்தால் ஆணி பதித்த காலணியால் கையை மிதிப்பார்கள். முதல் ஆண்டிலேயே மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு அவர்கள் இருவரும் போக முடியவில்லை. அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடுவதை அன்றைய சட்டம் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த லீக் இருந்த நான்கு ஆண்டுகளிலும் பட்டம் பிரவுன்ஸுக்குத்தான். வெல்வதற்கு இந்த வீரர்கள் தேவை என்பதை எதிரணிகள் அடி வாங்கிக் கற்றுக்கொண்டன. அறிவுரையால் மாறாதவர்கள் தோல்வியால் மாறினார்கள். எல்லோருக்கும் கடைசியாக, 1962 இல்தான் வாஷிங்டன் அணி மாறியது. அங்கே போய்ச் சேர்ந்த பாபி மிட்செல் பிரவுன்ஸிலிருந்து சென்றவர்தான். மோட்லி பின்னாளில் பயிற்சியாளர் வேலை கேட்டபோது எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதையும் கதிரிடம் சொல். அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் சொல்வது முறையாகாது.

1950 இல் புதிய லீக் கலைந்து, பிரவுன்ஸ் தேசிய லீக்குக்குள் வந்தது. பலவீனமான லீக்கில் வென்றவர்கள்தானே என்று பழைய அணிகள் இளக்காரம் பேசின. முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் பிலடெல்பியா ஈகிள்ஸுடன். செப்டம்பர் 16, பிலடெல்பியாவில் 71,237 பேர் கூடியிருந்தார்கள். கிரஹாம் வீசிய பந்துகளால் மட்டும் 346 யார்டு முன்னேற்றம். முடிவு 35-10, பிரவுன்ஸ் வெற்றி. பந்தைப் பிடிப்பவர் ஓடிப்போய் ஓரத்தில் நின்று திரும்புவதற்கு முன்பே பந்து அங்கே வந்துசேரும். பிடிப்பவரும் வீசுபவரும் நேரத்தை அவ்வளவு துல்லியமாகப் பழகியிருந்தார்கள். இது கூடைப்பந்து அணி, வீசத்தான் தெரியும் என்ற பொருளில் ஈகிள்ஸ் பயிற்சியாளர் பேசினார். டிசம்பரில் இரு அணிகளும் மறுபடியும் சந்தித்தபோது பிரவுன்ஸ் கணக்கில் ஏறும்படி ஒரு பந்தைக்கூட முன்னோக்கி வீசாமல் 13-7 என்று வென்றது! முத்தையா, இந்த ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 28 நொடிகள் எஞ்சியிருக்கையில் லூ க்ரோசா உதைத்த பந்தால் ராம்ஸை 30-28 என்று வென்று பட்டமும் வாங்கினார்கள். கிரஹாம் ஆடிய பத்து ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்துக்குப் போனார், ஏழு முறை வென்றார்.

இசையில் சிஷ்ய பரம்பரையை நீ விரிவாகச் சொல்வாயே, அப்படித்தான் இதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பௌலில் நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளர் வீப் யூபாங்க், தோற்ற பால்டிமோர் கோல்ட்ஸ் பயிற்சியாளர் டான் ஷூலா. முன்னவர் பால் பிரவுனின் உதவியாளராக இருந்தவர், பின்னவர் அவரிடம் ஆடியவர். ஷூலா பிறகு மயாமியை 1972 இல் ஒரு தோல்வியும் இல்லாமல் 17-0 என்று நடத்தினார். கதிர் வியக்கும் ஸ்டீலர்ஸுக்கு நான்கு சூப்பர் பௌல்களை வாங்கித்தந்த சக் நோல், பிரவுன்ஸில் உத்தியைக் களத்துக்குச் சுமந்து சென்ற அந்தத் தூதுவீரர்களில் ஒருவர்.

1963 ஜனவரியில் அணியின் புதிய உரிமையாளர் ஆர்ட் மாடல் பால் பிரவுனை நீக்கினார். அப்போது கிளீவ்லாந்தில் செய்தித்தாள் ஊழியர் வேலைநிறுத்தம்; அந்த நகரின் மிகப் பெரிய விளையாட்டுச் செய்தியை எழுத நகரில் நாளிதழ் இல்லை. தன் பெயரைச் சுமக்கும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்ட மனிதர், 1968 இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியைத் தொடங்கினார். அங்கே உதவிப் பயிற்சியாளர் பில் வால்ஷ். நல்ல கைவலிமை கொண்ட குவார்ட்டர்பேக் கிரெக் குக்கின் தோள் பழுதானது. பதிலாக வந்த வர்ஜில் கார்ட்டரால் தூரம் வீச முடியாது, ஆனால் குறி தப்பாது. எனவே குறுகிய தூரப் பந்துகளால் களத்தின் அகலத்தை முழுவதும் பயன்படுத்தும் முறையை வால்ஷ் அமைத்தார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸில் அதே முறையால் மூன்று சூப்பர் பௌல்கள் வென்றார். அவற்றில் இரண்டு, 1982 லும் 1989 லும், பால் பிரவுனின் பெங்கால்ஸைத்தான் வீழ்த்தின. வால்ஷிடமிருந்து மைக் ஹோம்கிரென், அவரிடமிருந்து ஆண்டி ரீட், அவரிடமிருந்து இன்று கதிர் கொண்டாடும் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ். கதிரின் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வரைக்கும் கோடு நேராக வருகிறது.

மற்றவர்களைப் புறக்கணிக்கவில்லை. ஸ்டீலர்ஸின் மெல் பிளவுண்ட் பந்து பிடிப்பவர்களை முரட்டுத்தனமாகத் தடுத்ததால், 1978 இல் ஐந்து யார்டுக்கு அப்பால் அவர்களைத் தொடக்கூடாது என்று விதி வந்தது. இன்றைய பந்துவீச்சு மழைக்கு அது முக்கியக் காரணம். பத்திரிகையாளராக இருந்த பில் நன் கறுப்பினக் கல்லூரிகளில் தேடிக் கொண்டுவந்த வீரர்கள் இல்லாமல் அந்த அணியும் இல்லை. பயிற்சியாளர் லொம்பார்டியின் பேக்கர்ஸ் மிகச் சிறந்த அணி, ஆனால் ஏற்கெனவே இருந்ததைக் குறையின்றிச் செய்தவர்கள் என்பேன். டல்லாஸ் கௌபாய்ஸ் பற்றி நீ ரசிக்கும் செய்தி ஒன்று உண்டு: 1960களில் வீரர்களைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கணினியைக் கொண்டுவந்தபோது, அதற்கான கணக்குமுறையை அமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி. கிரிக்கெட் தெரிந்தவர், இந்த ஆட்டம் தெரியாதவர். பால் பிரவுன் தேர்வுத் தாளில் தேடியதைக் குரேஷி எண்களில் தேடினார் என்று நான் பார்க்கிறேன்.

கதிர் மறுத்து எழுதட்டும், குறிப்பாகப் பேட்ரியாட்ஸுக்காக. அவர்களின் எந்தப் பழக்கத்தை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன என்று அவன் காட்டினால் நான் கேட்கத் தயார்.

கிளீவ்லாந்து தியாகராஜர் ஆராதனைக்கு வர வேண்டும் என்று நீண்ட நாளாகச் சொல்கிறாய். இந்த முறையாவது தங்கச்சியோடும் கதிரோடும் வா. கண் மருத்துவர் விமானப் பயணத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டாரா என்று முதலில் கேட்டுக்கொள். கச்சேரிகளுக்கு இடையே ஒருநாள் கான்டன் போய்வரலாம், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். ஆட்டத்தின் புகழ்மன்றம் அங்கேதான் இருக்கிறது. மோட்லி வளர்ந்த ஊரும் அதுதான். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, மாடி அறையைத் தயார் செய்து வைக்கிறோம்.

அன்புடன்,
சந்தானம்