வேலைக்காகச் சென்னைக்கு வருவோரும் பத்து மாத அட்வான்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுவோரிடம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் இன்றும் பல பகுதிகளில் தொடர்கிறது. இது குறித்துச் சட்டம் சொல்வது ஒன்று, நடைமுறையில் இருப்பது வேறொன்று. வேலை கிடைத்து வெளியூரிலிருந்து புதிதாக வரும் குடும்பங்களே இதில் அதிகம் சிக்கிக்கொள்கின்றன என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தென்காசி மாவட்டத்திலிருந்து வேலை நிமித்தம் குடிபெயர்ந்து, இப்போது மேடவாக்கத்தில் குடும்பத்துடன் வாடகை வீட்டில் வசிப்பவன் நான்.

மாதம் 15,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு அமைவதாக வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, ஊரிலிருந்து சாமான்களை ஏற்றிவரும் வண்டிக்கு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்தால், பீரோவையும் கட்டிலையும் உள்ளே வைத்துப் பால் காய்ச்சுவதற்குள் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் செலவாகிவிடுகிறது. மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் சேரும் ஒருவருக்கு இது அரையாண்டுச் சம்பளத்துக்கும் அதிகம். முதல் சம்பளமே கைக்கு வராத நிலையில் இத்தொகையை அவர் எங்கே புரட்டுவார்? வீட்டிலிருக்கும் நகை அடகுக்குப் போகிறது, அல்லது தனிநபர் கடன் வாங்கப்படுகிறது. கடனுக்கு வட்டி கட்டுபவர் குடியிருப்பவர். அதே தொகையை வட்டியின்றி வைத்திருப்பவர் வீட்டுக்காரர். நகரத்தில் காலூன்ற வேண்டிய முதல் இரண்டு ஆண்டுகள் இந்தக் கடனை அடைப்பதிலேயே கழிந்துவிடுகின்றன.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆவது பிரிவின்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் அதே பிரிவு, ‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்ற பொருள்பட ஒரு விலக்குடன்தான் தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த வரம்பு பொருளற்றுப் போகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று வந்து நிற்பவர், மூன்று மாதம்தான் தருவேன் என்று வீட்டுக்காரரிடம் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. அவருக்குப் பின்னால் அதே வீட்டைப் பார்க்க இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். இருதரப்பும் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று சட்டம் எதை எண்ணுகிறதோ, அது நடைமுறையில் ஒருதரப்பு நிபந்தனையாகவே இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது என்பதையும் இங்கே சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது இன்னொரு பாடு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இதே பிரிவு கூறுகிறது. நடப்பதோ, அடுத்த குடித்தனக்காரர் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் முந்தையவரின் பணம் வெளியே வருகிறது. அதிலும் பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகை முதலிலேயே போய்விடும். நான் முன்பு குடியிருந்த வீட்டில், கூடத்தில் காலண்டர் மாட்டுவதற்கு அடித்த ஒற்றை ஆணியையும், நாங்கள் குடிவரும் முன்பே கழிவறைச் சுவரில் படிந்திருந்த உப்புக் கறையையும் காட்டிப் பணம் பிடித்தார்கள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் புரட்டினால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்புகளாகவே குறிக்கப்பட்டுள்ளன. குழாயின் வாஷரை மாற்றுவது, சாக்கடை அடைப்பை நீக்குவது போன்றவைதான் குடியிருப்பவர் தலையில் விழுகின்றன. இந்த அட்டவணை இருப்பதே வாடகைக்கு இருப்போரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கட்டாயம் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும் என்றும் சட்டம் விதித்திருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்கள் வாடகை அதிகாரிகளாக இருக்கிறார்கள்; பதிவுக்கென்று தனி இணையதளமும் உண்டு. ஆயினும் பதிவு என்ற பேச்சை எடுத்தாலே, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பலரிடமிருந்து வரும் பதில். வருமான வரியே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோரும் ஊழியர், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை நிறுவனத்தில் தர வேண்டும். அந்த எண்ணைத் தர மனமில்லாதவர்கள், வாடகையைக் குறைத்து எழுதி மீதியைப் பராமரிப்பு என்ற பெயரில் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். முறையான ஒப்பந்தம் இல்லாதவருக்கு முகவரிச் சான்றும் எளிதில் கிடைப்பதில்லை. சமையல் எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கில் முகவரி மாற்றம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றிலும் அது குறுக்கே வந்து நிற்கிறது. மின்சாரத்திலும் இதே கதைதான். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலிக்கும் வீடுகளில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை போய்ச் சேர்வதில்லை.

வீட்டு உரிமையாளர்களை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஓய்வூதியத்தோடு ஒரு மாடி வாடகையை நம்பி வாழும் முதியவர்கள் இந்நகரில் ஏராளம். வாடகையையும் தராமல், வீட்டையும் காலி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்களிடம் பட்ட அனுபவத்தால்தான் பத்து மாத வாடகையைக் கையில் வைத்துக்கொள்ள அவர்கள் விரும்புகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அதைப் போக்க வேண்டியது வாடகை நீதிமன்றங்களின் விரைவான தீர்ப்பே தவிர, ஊருக்குப் புதிதாய் வந்தவரின் நகைக்கடன் அன்று.

தனியாக வருவோருக்கு அக்காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. இன்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் விடுதிகள் இருக்கின்றன. வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக அரசு தோழி விடுதிகளை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளுடன் பெரும் குடியிருப்பு வளாகம் 2024-இல் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று குடும்பமாக வருபவர் தனியார் வாடகை வீட்டையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

ஆகவே 11-ஆவது பிரிவிலுள்ள அந்த விலக்கை, குறைந்தபட்சம் குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரையிலாவது, நீக்கும் வகையில் அரசு திருத்தம் கொண்டுவர வேண்டும். வாடகைப் பதிவை, ஒப்பந்த நகலைக் கொண்டு வாடகைதாரர் தனியாகவும் சிரமமின்றிச் செய்ய வழி இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஆட்களை அழைத்து வேலை தரும் நிறுவனங்கள், பண்டிகை முன்பணம் தருவது போல வீட்டு முன்பணத்தையும் வட்டியின்றித் தந்து தவணையில் பிடித்துக்கொள்ளலாம். அவற்றுக்கு இது பெரிய சுமையாகாது. தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: வீடு, மனை விளம்பரங்கள் வெளியாகும் பக்கத்தில் அந்த இரண்டாம் அட்டவணையை ஒரு முறை முழுமையாக வெளியிட்டால், வீட்டைக் காலி செய்யும் நாளில் பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பேச முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேடவாக்கம், சென்னை.